இலவசம் என்றால் ஏமாற்றா? வீட்டுக் கணினியும் உளவு நிரல்களும்



அடியேன் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறவன். அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி ஒன்று எழுந்தது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் தாய் ஒருவர் எழுந்து நின்று கேட்டார்:

"ஐயா, எங்கள் வீட்டுக் கணினியை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பெல்லாம் ஏமாற்று வேலையாம். அதனால் 150 வெள்ளி கொடுத்து ஒன்று போட்டுக்கொண்டேன். அடுத்த ஆண்டும் கட்ட வேண்டுமாம். கட்டித்தான் ஆக வேண்டுமா?"

நான் வாய் திறப்பதற்குள் ஆசிரியர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஆமாம் அம்மா, இலவசமாக வருவது எதுவும் உருப்படியாக இருக்காது. காசு கொடுத்தால்தான் காவல்," என்றார். அவையில் பலர் தலையாட்டினார்கள். கூட்டம் சிற்றுண்டிச்சாலைக் கூரையைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

அந்தத் தலையாட்டலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 150 வெள்ளி எங்கள் வட்டாரத்தில் சிறு தொகையன்று. 2025ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டாலும், இரண்டு நாள் கூலிக்கு மேல் ஆகிறது. ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் உழைப்பை ஒற்றை வாக்கியத்தில் தூக்கிக் கொடுக்கச் சொல்ல, ஆசிரியராகிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அன்று கூட்டத்தில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

காசு கொடுத்து வாங்கிய காவல்

மறுநாள் அந்தத் தாய் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபொழுது, மகள் வீட்டிலிருந்தே படிப்பதற்காக வாங்கிய பழைய கணினி. மகள் அதில்தான் 'டெலிமா' தளத்தில் நுழைந்து பாடம் செய்கிறாள். வீட்டுக்கு வரும் அரசாங்க உதவித்தொகை வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் அதே கணினியில்தான்.

திறந்து பார்த்தேன். கடையில் போட்டுக் கொடுத்த 'காசு கொடுத்த' பாதுகாப்பு நிரல் ஒரு கள்ளப் பதிப்பு! பூட்டை உடைத்து, உரிம எண்ணை ஏமாற்றி நிறுவப்பட்டது. உடைக்கும் நிரல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, விண்டோசோடு வருகிற 'டிபெண்டர்' காவலை அணைத்திருந்தார்கள். கள்ளப் பதிப்பு புதுப்பிப்புகளைப் பெற முடியாமல் பல மாதங்களாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உலாவியில் முன்பின் தெரியாத நீட்சி ஒன்று உட்கார்ந்துகொண்டு, தேடுகிற சொல்லையெல்லாம் வேறெங்கோ திருப்பி விட்டுக்கொண்டிருந்தது.

வேலியைப் பிடுங்கிவிட்டு, வேலி கட்டிய கூலி என்று 150 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். நல்ல வேளை, வங்கிப் பணம் போகவில்லை. கணினியைத் துடைத்து மீட்டு, கடவுச்சொற்களை வேறொரு கணினியில் மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு முடிகிற கதையன்று இது.

ஒற்றனும் ஒற்றனைப் பிடிக்க வருகிறவனும்

உளவு நிரல் என்பது என்ன? நம் கணினியில் நமக்குத் தெரியாமல் தங்கி, நாம் எங்கே போகிறோம், எதைத் தட்டச்சு செய்கிறோம், எதை வாங்குகிறோம் என்பதையெல்லாம் பிறருக்கு அனுப்பும் நிரல். நச்சுநிரல் வீட்டை இடிக்கும். உளவு நிரலோ வீட்டிலேயே குடியிருக்கும். வீடு நன்றாக இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

வள்ளுவப் பேராசான் ஒற்றாடலுக்கென்றே 59ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவரும் செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே அவர் அரசனுக்குச் சொல்லும் அறிவுரைகளுள் ஒன்று. தன் சொந்த ஒற்றனையே ஆராயாமல் நம்பக் கூடாது என்றால், "உன் வீட்டு ஒற்றனைப் பிடித்துத் தருகிறேன்" என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவனை எப்படி நம்புவது?

நான் அப்படி நம்பியிருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு. அப்பொழுது நான் பணியாற்றிய பள்ளியில் ஆசிரியர் அறைக்கு ஒரே கணினி. இந்தோனேசியாவில் தோன்றிய 'புரோந்தோக்' எனும் புழு, கோப்புறையின் படத்தைப் போட்டுக்கொண்டு விரலிக்கு விரலி தாவிய காலம் அது. கணினி மெதுவாகிவிட்டது. இணையத்தில் மின்னிய ஒரு விளம்பரம், "உங்கள் கணினியில் உளவு நிரல் உள்ளது, இலவசமாகச் சோதியுங்கள்" என்று அழைத்தது. சொடுக்கினேன். அது நூற்றுக்கணக்கான உளவு நிரல்களைக் 'கண்டுபிடித்தது'. நீக்க வேண்டுமானால் அமெரிக்க டாலரில் பணம் கட்டு என்றது. கட்ட மறுத்தேன். பிறகு அது விடவே இல்லை. திரை நிறையச் சிவப்பு எச்சரிக்கை. கடைசியில் வன்தட்டை முழுவதும் அழிக்க வேண்டியதாயிற்று. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்த சோதனைத் தாள்களும் அதனோடு போயின. படி எடுத்து வைக்காதது என் மடமை.

அன்று முதல் நானும் சில ஆண்டுகள் "இலவசம் என்றாலே ஆபத்து" என்று சொல்லித் திரிந்தேன். அது தவறான பாடம் என்பது பின்னர்தான் விளங்கியது. என்னை ஏமாற்றியது இலவச நிரலே அன்று. சோதனை இலவசம், விடுதலைக்கு விலை! அது விற்பனைத் தூண்டிலில் கோத்த புழு.

அதே காலத்தில் ஜெர்மானியர் பேட்ரிக் கோலா எழுதிய 'ஸ்பைபாட்' எனும் நிரல் வீட்டுப் பயனர்களுக்கு உண்மையாகவே இலவசமாகக் கிடைத்தது. உளவு நிரல்களைப் பிடித்தது. நீக்குவதற்குக் காசு கேட்கவில்லை. இரண்டும் 'இலவசம்' என்றே பெயர் சொல்லிக்கொண்டன. ஒன்று காவலன், மற்றொன்று கள்வன். அப்படியானால் 'இலவசம்' என்ற சொல்லைக் கொண்டு எதை அளக்க முடியும்?

இலவசத்தைப் பழிக்கிறவர்களுக்கு

அரசாங்க மருந்தகத்துக்குப் போகிறோம். ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கி வருகிறோம். ஒரு வெள்ளி மருந்து என்பதால் அது நஞ்சு என்று யாராவது சொல்கிறோமா? அதன் விலையை வரிப்பணம் கொடுத்துவிட்டது என்று நமக்குத் தெரியும். பள்ளியில் பாடநூல்களை இரவலாகத் தருகிறார்கள். இரவல் நூலில் இருக்கும் வாய்பாடு தவறாகிவிடுமா?

அதைவிட நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. தமிழாசிரியர்களாகிய நாம் கணினியில் தமிழ் எழுதியது எதைக் கொண்டு? நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு நமக்குத் தமிழைக் கணினியில் காட்டியது. பின்னர் 'தமிழா' குழுவினரின் எ-கலப்பை வந்தது. சென்னையிலிருந்து என்.எச்.எம். எழுதி வந்தது. இவ்விரண்டையும் நாம் ஒரு காசு கொடுக்காமல் பதிவிறக்கம் செய்து கொண்டோம். நம்மில் எத்தனை பேருடைய பாடத்திட்டமும் பயிற்றியும் அவற்றில் பிறந்தவை!

இப்பொழுது ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். எ-கலப்பை எப்படி வேலை செய்தது? நாம் தட்டுகிற ஒவ்வொரு விசையையும் அது முதலில் பிடித்துக்கொள்ளும். ஆங்கில விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்பும். விசைகளைத் திருடும் உளவு நிரலும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு விசையையும் பிடித்துக்கொள்கிறது. ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றே. பிடித்த விசை எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒன்று நம் திரைக்கு அனுப்புகிறது. மற்றொன்று அயலான் வீட்டுக்கு அனுப்புகிறது.

அந்த விசை எங்கே போகிறது என்பதை அறிவது எப்படி? எ-கலப்பையின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று வெளியிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் ஒரே சொல்தான். அதனால் அவர்களுக்குக் குழப்பம். தமிழுக்கு அந்தக் குறை இல்லை. காசு வாங்காதது இலவச மென்பொருள். திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். தமிழாசிரியரே இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் வேறு யார்தான் பிரித்துச் சொல்வது?

"திறந்த வீட்டில் திருடன் நுழைய மாட்டானா?" என்று கேட்பார்கள். நுழைந்திருக்கிறான். லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்.இசட்.' எனும் கட்டற்ற கருவியில் ஒருவர் நல்லவர்போல் பழகி, கள்ளக் கதவு ஒன்றைப் புகுத்திவிட்டார். 2024 மார்ச் மாதம் ஆண்டிரெஸ் பிராயண்ட் எனும் பொறியாளர், கணினியில் நுழைவதற்கு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயப்பட்டுத் தோண்டினார், கதவைக் கண்டுபிடித்தார். அந்த அரை நொடிக்குக் காரணம் தேட அவரால் முடிந்தது ஏன்? மூலநிரல் திறந்திருந்தது. மூடிய பெட்டியாக இருந்திருந்தால் அவருடைய ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும்.

காசு கொடுத்தால் காவல் என்கிறவர்களுக்கு

எங்கள் ஆசிரிய நண்பரின் வாதத்தை இப்பொழுது எடுத்துக்கொள்கிறேன். காசு கொடுத்தால் பாதுகாப்பு என்பது உண்மையா?

2005ஆம் ஆண்டு சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற இசைவட்டுகளை நினைவுபடுத்திப் பாருங்கள். கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய அசல் வட்டுகள். கணினியில் போட்டவுடன், பயனருக்குத் தெரியாமல் தன்னை மறைத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை அவை நிறுவின. மார்க் ருசினோவிச் எனும் வல்லுநர் தம் சொந்தக் கணினியில் அதைக் கண்டு அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டார். பெரும் கண்டனத்திற்குப் பிறகு நிறுவனம் வட்டுகளைத் திரும்பப் பெற்றது.

அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ எனும் பெரிய கடைத்தொடர், கணினி 'நலப் பரிசோதனை' செய்து கொடுத்தது. கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற நான்கு கேள்விகள். ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறியிட்டால் போதும், நச்சுநிரல் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வந்துவிடும். பிறகு பழுதுபார்ப்புக்குக் கட்டணம். 2019ஆம் ஆண்டு அக்கடையும் அதற்கு நிரல் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடி 50 இலட்சம் டாலர் கொடுத்து அமெரிக்க வணிக ஆணையத்துடன் வழக்கைத் தீர்த்துக்கொண்டன. எங்கள் வட்டாரத்துத் தாய்க்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அங்கே கேட்க ஆணையம் இருந்தது. இங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலையாட்டினோம்.

'வின்பிக்சர்', 'எக்ஸ்பி ஆண்டிவைரஸ்' என்று பல பெயர்களில் போலிப் பாதுகாப்பு நிரல்களை விற்றவர்கள்மீது அதே ஆணையம் 2008ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்திருந்தார்கள். 2012இல் நீதிமன்றம் விதித்த தொகை 16 கோடி டாலருக்கும் அதிகம். ஏமாந்த அத்தனை பேரும் காசு கொடுத்தவர்கள் என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

ஆனால், எல்லா இலவசமும் தூயது என்று சொல்லவில்லை

எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை மறைப்பது ஆசிரியருக்கு அழகன்று. எனவே இதையும் சொல்கிறேன்.

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய இலவசக் காவல் நிரல் அவாஸ்ட். எங்கள் ஆசிரியர் அறையிலும் அது இருந்தது. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற விவரங்களை அது திரட்டியது. ஜம்ப்ஷாட் எனும் அதன் துணை நிறுவனம் அவ்விவரங்களை 2014 முதல் 2020 வரை நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2020 சனவரியில் செய்தியாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தவுடன் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024ஆம் ஆண்டு அவாஸ்ட் 1 கோடி 65 இலட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. உளவு நிரலைத் தடுக்கிறேன் என்று வந்ததே உளவு பார்த்தது!

கணினியைத் துப்புரவு செய்யும் 'சிகிளீனர்' எனும் இலவச நிரலின் கதை வேறு. 2017ஆம் ஆண்டு கயவர்கள் அதன் தயாரிப்புக் கூடத்துக்குள்ளேயே புகுந்து நஞ்சு கலந்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்கு அந்த நஞ்சு போய்ச் சேர்ந்தது.

இவை இலவசத்தின் குற்றங்களா? நம் தோட்டத்து வரலாற்றைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம். நம் பாட்டன்மார் லயத்து வீடுகளில் வாடகையின்றிக் குடியிருந்தார்கள். தண்ணீர் இலவசம், ஆயக்கொட்டகை இலவசம். தோட்டம் கைமாறி மேம்பாட்டுக்குப் போனபொழுதுதான், அந்த வீடு என்றுமே தங்களுடையதாக இருந்ததில்லை என்பது தெரிந்தது. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய வட சிலாங்கூர்த் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். வாடகை இல்லாதது குற்றமன்று. உரிமை இல்லாததே குற்றம்.

மென்பொருளிலும் அப்படியே. காசு கொடுத்தவருக்கும் உரிமை இல்லாத நிலை உண்டு. 2024ஆம் ஆண்டு அமெரிக்க அரசு காஸ்பர்ஸ்கை நிரலின் விற்பனைக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அங்குள்ள வாடிக்கையாளர் பலரின் கணினிகளில் அந்நிரல் தானாக நீங்கி, 'அல்ட்ராஏவி' எனும் வேறொரு நிரல் குடியேறியது. சந்தா கட்டியவர்கள் திகைத்துப் போனார்கள்.

ஆக, "விலை என்ன?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. கேட்க வேண்டியவை இந்நான்கு:

1. இதைச் செய்தவர் யார்? பெயரும் முகவரியும் பல ஆண்டு வரலாறும் உண்டா?
2. என்னிடம் காசு வாங்கவில்லை என்றால் வேறு யார் அவருக்குக் காசு கொடுக்கிறார்? என் தகவலே அந்தக் காசா?
3. நானாகத் தேடிப் போனேனா, அதுவாக என்னைத் தேடி வந்ததா?
4. பிறர் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? சோதித்திருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வி ஒன்றே பாதி ஆபத்தைத் தடுத்துவிடும். திரையில் தானாகப் பாய்ந்து வரும் எச்சரிக்கை, கைத்தொலைபேசியில் வரும் திருமண அழைப்பிதழ்க் கோப்பு, "உங்கள் கணினியில் பழுது" என்று பேசும் அழைப்பு ஆகிய யாவும் தேடி வருபவை. தேடி வருவதை நாடாதீர்கள்.

கள்ளப் பதிப்பு என்னும் அவமானம்

இங்கே ஆசிரியர்களாகிய நம் முகத்தில் நாமே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் விற்ற வட்டுகளை வாங்கியவர்களில் நாமும் இருந்தோம். இன்று வட்டு போய்விட்டது. பூட்டை உடைக்கும் கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன. உரிம எண்ணைப் புலனத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம்.

கள்ளப் பதிப்பு காசு கொடுத்த பொருளும் அன்று, இலவசப் பொருளும் அன்று. பூட்டை உடைத்தவன் யார் என்று தெரியாது. உடைத்ததற்கு அவன் என்ன கூலி எடுத்துக்கொள்கிறான் என்பதும் தெரியாது. "நிறுவும் முன் காவல் நிரலை அணைத்துவிடு" என்று அவன் சொல்கிறான், நாமும் அணைக்கிறோம். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாருங்கள் என்று வழிப்போக்கன் சொன்னால் கேட்போமா? வகுப்பில் நன்னெறிப் பாடம் நடத்திவிட்டு, ஆசிரியர் அறையில் களவு நிரலை நிறுவுவது எந்த நெறி?

இதில் கொடுமை என்னவென்றால், களவுக்குத் தேவையே இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004 டிசம்பரில் ஜயண்ட் எனும் உளவு எதிர்ப்பு நிறுவனத்தை வாங்கி, அதன் நிரலையே பின்னர் விண்டோஸ் டிபெண்டர் ஆக்கியது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், அது நச்சுநிரல்களையும் தடுக்கும் முழுக் காவலாக விண்டோசோடு சேர்ந்தே வருகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனை அமைப்புகளில், காசுக்கு விற்கும் முன்னணி நிரல்களோடு போட்டியிட்டு அது தொடர்ந்து நல்ல தேர்ச்சி பெற்று வந்திருக்கிறது. விண்டோசும் தன் பங்குக்குச் சில பயன்பாட்டு விவரங்களைத் தலைமையிடத்துக்கு அனுப்புகிறது; அமைப்புப் பகுதியில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கும்பொழுது, அதைக் கொன்றுவிட்டுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய தேவை என்ன?

வீட்டில் செய்ய வேண்டியவை

கூலிக்காரக் குடும்பம் ஒரு வெள்ளியும் செலவிடாமல் செய்யக்கூடியவை இவை:

1. 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியைத் திறந்து, டிபெண்டர் விழித்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2. புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் என்று அறிவித்தார்கள்.

3. விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினியை எறிந்துவிட வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் அதற்கு மறுவாழ்வு தரும். கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2011 முதல் வழங்கிய மாணவர் மடிக்கணினிகளில் 'பாஸ்' லினக்சும் இருந்தது. நம் நாட்டு அரசாங்கமே 2004ஆம் ஆண்டு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. இது புதிதும் அன்று, அயலும் அன்று.

4. ஐயம் வந்தால் வள்ளுவர் வழியில் இரண்டாம் ஒற்றனை அனுப்புங்கள். மால்வேர்பைட்சின் இலவசப் பதிப்பு சோதித்து நீக்கியும் தரும். எப்பொழுதும் விழித்திருக்கும் காவல் நிரல் மட்டும் ஒன்றே இருக்கட்டும். இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

5. எந்த நிரலையும் அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். சிகிளீனர் கதையை எண்ணி, தேவையற்ற நிரலை நிறுவாமலே இருங்கள்.

6. பிள்ளைகளுக்கு நிருவாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். விளையாட்டு நிரலோடு ஒட்டி வரும் ஒட்டுண்ணி, பல நேரங்களில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நின்றுவிடும்.

7. முக்கியக் கோப்புகளுக்கு விரலியில் ஒரு படி எடுத்து, விரலியைக் கழற்றி வையுங்கள். 2006இல் நான் கற்ற பாடம் இது.

8. வங்கி விவரத்தைக் கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தாதீர்கள். உடனே வங்கியையும் 997 எனும் தேசிய மோசடி எதிர்வினை மைய எண்ணையும் அழையுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று இவ்வட்டாரத்துப் பெற்றோர் பலர், கணினி என்றால் நம் வாயைத்தான் பார்க்கிறார்கள். கடைக்காரர் சொன்னதை அந்தத் தாய் முழுமையாக நம்பவில்லை. நம்பியிருந்தால் நம்மிடம் வந்து கேட்டிருக்க மாட்டார். கேட்டவருக்கு நாம் கொடுத்த விடை கடைக்காரரின் விடையே. இதுதான் என்னை உறுத்துகிறது.

பள்ளிக் கணினி அறையை ஒரு சனிக்கிழமை காலை திறந்து வைப்போம். பெற்றோர் தங்கள் மடிக்கணினியைக் கொண்டு வரட்டும். மேற்கண்ட பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுப்போம். ஒரு கணினிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். நமக்குக் கூலி கிடையாது. அந்தச் சேவையும் இலவசம்தான். இலவசமாக வருவது உருப்படாது என்று சொன்ன நண்பரும் வந்து நம்மோடு அமர வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தாயிடம் நான் சொன்ன விடை இது: "அம்மா, அடுத்த ஆண்டு கட்ட வேண்டாம். அந்த 150 வெள்ளிக்கு மகளுக்கு நூல் வாங்கிக் கொடுங்கள்."

சிந்திப்போம், செயல்படுவோம்!

அன்புடன்,
உங்கள் ஊழியன்